இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கு அப்பாயிண்ட்மெண்ட் பிடித்துக் கொடுப்பவருக்கு எவ்வளவு சம்பளம் நியாயம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு ஏஜென்ட் ஆபீஸில் டெலிகாலராகச் சேர்ந்து ஏழு வருடம் ஃபோன் பேசினேன். இப்போது நானே ஏஜென்ட். எனக்காக இரண்டு பெண்கள் பேசுகிறார்கள். சம்பளம் வாங்குகிறவர்களும் கேட்கிறார்கள், கொடுக்கிறவர்களும் கேட்கிறார்கள். கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துப் போய், எல்லாவற்றையும் இங்கே ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. பாலிசி விக்கிறது ஏஜென்ட்தானே? நேரம் கேட்டு வாங்கித் தர்றதுக்கு எதுக்குக்கா இவ்வளவு கணக்கு?

என் நோட்டில் இருக்கும் ஒரு சாதாரண நாளைச் சொல்கிறேன். எட்டு மணி நேரத்தில் சுமார் 110 நம்பர் அடிப்பேன். அறுபது பேர் எடுப்பார்கள். "யார் நம்பர் குடுத்தா?" என்று கத்துகிறவர்கள், எடுத்ததுமே வைத்துவிடுகிறவர்கள் போக, ஒரு நிமிடத்துக்கு மேல் பேசுகிறவர்கள் இருபது பேர். அதில் நான்கு பேர் "சரி, வரச் சொல்லுங்க" என்பார்கள். ஏஜென்ட் போகும்போது அந்த நாலில் இரண்டு பேர்தான் வீட்டில் இருப்பார்கள்.

ஏஜென்டின் கண்ணுக்குத் தெரிவது அந்த இரண்டு பேர் மட்டும். மீதி 108 அழைப்புகளையும் பேசியது ஒருவருடைய தொண்டை, கேட்டது ஒருவருடைய காது. அதற்கும் சேர்த்துச் சம்பளம் போட வேண்டும் என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப் போவது.

2. சுத்தி வளைக்காம ஒரு நம்பர் சொல்லுங்க. மாசம் எவ்வளவு?

எல்லா ஊருக்கும் பொருந்துகிற ஒரே நம்பர் கிடையாது. ஆனால் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு தரை உண்டு: அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம். தமிழ்நாட்டில் அது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்தது. பஞ்சப்படி வருடா வருடம் ஏப்ரல் 1 முதல் மாறும். கடைகள், வணிக நிறுவனங்களுக்கான பட்டியலைத் தொழிலாளர் துறை வெளியிடுகிறது. போன வருடத் தாளைக் காட்டி இந்த வருடம் சம்பளம் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தத் தரைக்கு மேல் இரண்டு விஷயம் வர வேண்டும். நடந்த ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு சிறு தொகை. ஃபோன், ரீசார்ஜ் செலவு தனி. நான் கொடுப்பது இந்த முறையில்தான். இன்சென்டிவைச் சேர்த்துக் காட்டி "குறைந்தபட்சம் வந்துவிட்டதே" என்று சொல்லும் ஏஜென்டுகள் நிறைய உண்டு. ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019, நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21-ல். அதில் 'ஊதியம்' என்பதற்குத் தரும் விளக்கத்திலிருந்து கமிஷனைத் தள்ளித்தான் வைத்திருக்கிறார்கள். கமிஷன் மாதிரி வெளியே வைத்த தொகைகள் எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டும் ஊதியத்தோடு சேரும். ஆகவே தரையை ஃபிக்ஸட் சம்பளத்தால் நிரப்பிவிட்டு, இன்சென்டிவைத் தனியே வைப்பதுதான் சரி.

3. "ஃபிக்ஸட் எல்லாம் கிடையாது, அப்பாயிண்ட்மெண்டுக்கு 100 ரூபாய், திறமை இருந்தா சம்பாதிச்சுக்கோ"ங்கறாங்க. சேரலாமா?

முதல் கேள்வியில் சொன்ன கணக்கையே போடுங்கள். நாளுக்கு நடப்பது இரண்டு சந்திப்பு, 25 நாளில் ஐம்பது. ஐந்தாயிரம் ரூபாய். நீங்கள் உட்கார்ந்திருந்தது 200 மணி நேரம். மணிக்கு 25 ரூபாய், அதாவது டீக்கடையில் இரண்டு டீ. வடை கிடையாது.

எண்ணிக்கைக்குச் சம்பளம் என்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் உங்களை வேலைக்கு வைத்து, நேரம் சொல்லி, இடம் சொல்லி உட்கார வைத்தால், எண்ணிக்கைக் கணக்கில் வரும் தொகை அந்த நேரத்துக்கான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது. 1948-ம் வருடக் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் இதைத்தான் சொன்னது, புதிய தொகுப்பும் இதையே சொல்கிறது. "நீ ஃப்ரீலான்சர்" என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் மட்டும் நீங்கள் ஃப்ரீலான்சர் ஆகிவிட மாட்டீர்கள். காலை பத்து மணிக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறாரா? அப்படியானால் அவர் முதலாளி.

4. ஏஜென்ட் போனப்ப பார்ட்டி வீட்ல இல்ல. அந்த அப்பாயிண்ட்மெண்ட் என் கணக்குல வருமா வராதா?

இந்தத் தொழிலில் நடக்கும் சண்டையில் பாதி இதுதான். சேரும் நாளிலேயே எழுத்தில் பேசி முடிக்க வேண்டிய விஷயம். நான் வைத்திருக்கும் விதி இது: பார்ட்டி நாளையும் நேரத்தையும் வாயால் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். இன்சூரன்ஸ் பற்றிப் பேசத்தான் ஆள் வருகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் நாள் மாலை ஒரு முறை கூப்பிட்டு உறுதி செய்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் பாதித் தொகை அப்போதே கணக்கில் ஏறும். சந்திப்பு நடந்தால் மீதிப் பாதி. பாலிசி போட்டாரா இல்லையா என்பது இந்தக் கணக்குக்குள்ளேயே வராது.

ஏஜென்ட் போகாமல் விட்டாலோ தாமதமாகப் போனாலோ முழுத் தொகையும் டெலிகாலருக்குத்தான். ஒரு சித்திரை மாதம். காலை ஒன்பது மணிக்கு ஒரு வீட்டில் நேரம் வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு எதிர்சேவை. "ஒன்பதரைக்குள்ள வந்தாப் பார்க்கலாம், அப்புறம் அழகரைப் பார்க்கக் கிளம்பிருவோம்" என்று அந்த அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். அன்றைய என் ஏஜென்ட் போய்ச் சேர்ந்தது பதினொன்றரைக்கு. பூட்டியிருந்த கதவை ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பி, 'ஃபேக் அப்பாயிண்ட்மெண்ட்' என்று எழுதி அந்த மாத இன்சென்டிவில் கழித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நேரத்தையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, நீல டிக் விழும் வரை விடுவதில்லை என்று பழகிக்கொண்டேன்.

5. பாலிசி முடிஞ்சா அவர் கமிஷன்ல 10 பர்சன்ட் தர்றேங்கறார். நல்ல டீல்தானே?

கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இன்சூரன்ஸ் சட்டம், 1938-ன் 40-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. இன்சூரன்ஸ் வியாபாரம் பிடித்துத் தருவதற்காகக் கமிஷன் என்றோ வேறு பெயரிலோ பணம் தருவதென்றால், அது முறைப்படி நியமிக்கப்பட்ட ஏஜென்டுக்கோ இடைத்தரகருக்கோதான் போக வேண்டும். லைசென்ஸ் இல்லாத உங்களுக்குப் பாலிசிவாரியாகப் பங்கு கொடுத்தால், அவருக்கும் சிக்கல், உங்களுக்கும் சிக்கல். அவர் தரவில்லை என்றால், போய்க் கேட்க உங்களுக்கு ஒரு இடமும் இருக்காது. நடைமுறையில் பெரிய அடி அதுதான்.

சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் இது நியாயமான கணக்கு இல்லை. பாலிசி முடிவது அவர் எப்படிப் பேசுகிறார், பிரீமியம் எவ்வளவு, பார்ட்டியின் மச்சான் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. உங்கள் கையில் இல்லாத ஒன்றுக்கு உங்கள் மாதச் சம்பளத்தைக் கட்டிப் போடாதீர்கள்.

6. அப்போ நானே ஏஜென்சி எடுத்துட்டா?

எடுக்கலாம். பத்தாவது பாஸ் போதும். பயிற்சி, அதன்பின் ஒரு தேர்வு. ஒரு ஆயுள் காப்பீட்டு நிறுவனம், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம், ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் என்று ஒவ்வொரு வகையிலும் ஒன்றில் ஏஜென்டாக இருக்கலாம். நானும் அப்படித்தான் வந்தேன்.

ஒரு எச்சரிக்கை. "உன் பேர்ல ஏஜென்சி போட்டுக்கறேன், நீ ஃபோன் மட்டும் பேசு, பாலிசி நான் பார்த்துக்கறேன்" என்று சிலர் சொல்வார்கள். கையெழுத்து உங்களுடையது என்றால் பிற்பாடு வரும் புகாரும் உங்கள் பெயரில்தான் வரும்.

7. பார்ட்டி ஃப்ரீ-லுக்ல பாலிசியைத் திருப்பிட்டார். என் இன்சென்டிவைப் பிடிச்சுட்டாங்க. சரியா?

பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பித் தரும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. 2024 வரை பெரும்பாலும் 15 நாளாக இருந்தது. அப்படித் திருப்பினால் நிறுவனம் ஏஜென்டிடமிருந்து கமிஷனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்தக் கடுப்பில் அவர் உங்கள் பக்கம் திரும்புகிறார்.

உங்கள் இன்சென்டிவ் சந்திப்புக்கா, பாலிசிக்கா? சந்திப்புக்கு என்றால், சந்திப்பு நடந்தது நடந்ததுதான். திரும்பப் பிடிக்க எதுவும் இல்லை. பாலிசிக்கு என்று பேசியிருந்தால் 5-வது பதிலைப் பாருங்கள். இந்தத் தலைவலி அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

8. ஃபோன் என்னோடது, சிம் என்னோடது, ரீசார்ஜும் நானே போடறேன். தனியா கேக்கலாமா, கேட்டா கோவிச்சுக்குவாங்களா?

கேளுங்கள். கோபப்பட்டால் படட்டும். ஆனால் ரீசார்ஜ் காசை விட முக்கியமானது சிம் யார் பெயரில் இருக்கிறது என்பது. அடுத்த கேள்வியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

9. டிஎன்டி-ல கம்ப்ளெய்ண்ட் பண்ணி என் நம்பரையே கட் பண்ணிட்டாங்க. வீட்டுக்கு இருக்கறதே அந்த ஒரு நம்பர்தான். இதுக்கு யார் பொறுப்பு?

நீங்களே மாட்டிக்கொள்வீர்கள் என்பதுதான் கொடுமை. (டிஎன்டி என்றால் விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிவு செய்துகொள்ளும் வசதி.) தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி விளம்பர அழைப்புகள் 140-ல் தொடங்கும் எண்களிலிருந்து, பதிவு செய்துகொண்டுதான் போக வேண்டும். சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட்டு வியாபாரம் பேசுவது விதிமீறல். 2025 பிப்ரவரியில் விதியை இன்னும் இறுக்கினார்கள். பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே நடவடிக்கை. முதல் முறை 15 நாளைக்கு அவுட்கோயிங் கிடையாது. மறுபடியும் நடந்தால் அவர் பெயரில் உள்ள இணைப்புகள் எல்லாம் ஒரு வருடத்துக்குப் போய்விடும். 'அவர் பெயரில்' என்றால் சிம் யார் ஆதாரில் வாங்கியதோ அவர். காஸ் புக்கிங், பேங்க் ஓடிபி, பிள்ளையின் பள்ளிக்கூட மெசேஜ் எல்லாம் அந்த நம்பரில்தானே வருகிறது?

ஆகவே சொந்த சிம்மில் பேசாதீர்கள். ஏஜென்ட் பெயரிலோ ஆபீஸ் பெயரிலோ உள்ள இணைப்பைக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்படிக் கொடுக்கிற ஏஜென்ட் டேட்டா (கூப்பிட வேண்டிய நம்பர் பட்டியல்) விஷயத்திலும் ஒழுங்காகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன், போகப் போவது அவர் நம்பர் அல்லவா! காசு கொடுத்து வாங்கிய எக்ஸெல் ஷீட்டைத் தள்ளிவிட்டு, பழைய வாடிக்கையாளர்கள், அவர்கள் சொல்லி அனுப்பியவர்கள், தாங்களாகவே விவரம் கேட்டவர்கள் என்று பட்டியல் கொடுப்பார். எண்ணிக்கை குறையும், ஆனால் "வரச் சொல்லுங்க" கூடும்.

10. வீட்ல இருந்து சாயங்காலம் மூணு மணி நேரம் மட்டும் பேசறேன். அரை நாள் சம்பளம் கேட்டா ரொம்ப அதிகமா?

எட்டு மணி நேரத்துக்கான நாள் ஊதியத்தை எட்டால் வகுத்து மூன்றால் பெருக்கினால் வருவது தரை. ஆனால் மாலை ஐந்தரை முதல் எட்டரை வரையிலான மூன்று மணி நேரம் சாதாரண நேரம் இல்லை. ஆட்கள் ஃபோன் எடுப்பதே அப்போதுதான். என் அனுபவத்தில் காலை முழுக்கப் பேசிக் கிடைப்பதை விட அந்த நேரத்தில் அதிகம் கிடைக்கும். உங்கள் வீட்டில் அடுப்பும் பிள்ளைகளின் படிப்பும் காத்துக்கொண்டிருக்கும் நேரமும் அதுவே. அரை நாள் சம்பளம் கேளுங்கள். அதிகமில்லை.

11. டார்கெட் முடிக்கலைன்னா பாதிச் சம்பளம்தானாம். அப்படிப் பிடிக்க முடியுமா?

இன்சென்டிவ் இல்லை என்று சொல்லலாம். ஃபிக்ஸட் சம்பளத்தில் கை வைக்க முடியாது. அபராதம் என்ற பெயரில் பிடிப்பதற்கும் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு: அந்த மாத ஊதியத்தில் 3 சதவீதம், அதுவும் எதற்கெல்லாம் அபராதம் என்று முன்பே அறிவித்து, உங்கள் பதிலைக் கேட்ட பிறகு. டார்கெட் வராதது அபராதத்துக்குரிய குற்றமே இல்லை என்பது என் கருத்து.

டார்கெட் பேசும்போது டேட்டாவைப் பற்றியும் பேசுங்கள். நூறு நம்பர் கொடுத்ததில் நாற்பது ஸ்விட்ச் ஆஃப், பத்து பேர் ஏற்கெனவே மூன்று தடவை திட்டியவர்கள் என்றால், அந்த டார்கெட் யாருடைய தோல்வி? எந்த நம்பரில் என்ன பதில் வந்தது என்று நோட்டில் எழுதி வையுங்கள்.

12. முதல் மாசம் ட்ரெய்னிங்காம், சம்பளம் இல்லையாம். ஹெட்செட்டுக்கு 2,000 டெபாசிட்டும் கேக்கறாங்க.

வேண்டாம், வந்துவிடுங்கள். ட்ரெய்னிங் என்று சொல்லி உட்கார வைத்து நிஜப் பார்ட்டிகளுக்கு ஃபோன் போட வைத்தால் அது வேலை. வேலைக்குச் சேர டெபாசிட் கேட்கும் இடத்தில் நல்லது நடந்து நான் பார்த்ததில்லை.

13. பிஎஃப், ஈஎஸ்ஐ எல்லாம் கிடைக்குமா?

ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஆபீஸில், மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஈஎஸ்ஐ உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. பிஎஃப் இருபது பேரிலிருந்து. ஒரு ஏஜென்ட், இரண்டு டெலிகாலர் என்று இருக்கும் இடத்தில் இரண்டும் வராது. அப்படிப்பட்ட இடத்தில் அதை ஈடுகட்ட ஃபிக்ஸட் சம்பளம் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். என்னிடம் இருக்கும் இருவருக்கும் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் நான் கட்டுகிறேன். இன்சூரன்ஸ் விற்கிறவர் வீட்டில் பேசுகிறவருக்கே இன்சூரன்ஸ் இல்லை என்றால் சிரிப்பார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லாமல் போனதில் அந்தச் செலவும் குறைந்தது.

14. நான் ஏஜென்ட். எனக்கே ஒரு மாசம் கமிஷன் வரும், ஒரு மாசம் வராது. ஃபிக்ஸடா எப்படிம்மா குடுக்கறது?

நியாயமான கேள்வி, நானும் அதே படகில்தான். 2024 அக்டோபரில் எல்ஐசி முதல் வருடக் கமிஷனின் உச்சத்தை 35 சதவீதத்திலிருந்து 28-க்குக் குறைத்தபோது என் கணக்கும் ஆடியது. ஆனால் சந்திப்பு ஒன்றின் விலை என்ன என்று நீங்கள் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பேச்சுக்கு, எட்டு சந்திப்பில் ஒரு பாலிசி, வருடப் பிரீமியம் 30,000, கமிஷன் 28 சதவீதம் என்று வையுங்கள். 8,400 ரூபாய். எட்டால் வகுத்தால் ஒரு சந்திப்பு உங்களுக்கு 1,050 ரூபாய் பெறும், அடுத்தடுத்த வருடப் பிரீமியங்களுக்கு வரும் ரினீவல் கமிஷன் சேராமலே.

அரை நாள் பேசும் ஒருவர் மாதம் இருபது சந்திப்பு நடத்திக் கொடுத்தால் 21,000. அவருக்கு 7,000 ஃபிக்ஸட், சந்திப்புக்கு 150 வீதம் 3,000, ஆக 10,000 கொடுத்தாலும் உங்கள் கையில் பாதிக்கு மேல் நிற்கிறது. இந்த எண்களை எடுத்துவிட்டு உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்; ஃபிக்ஸட் மட்டும் அந்தத் தரைக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் கட்டுப்படியாகவில்லை என்றால் முழு நேரம் வைக்காதீர்கள். இரண்டு ஏஜென்டுகள் சேர்ந்து ஒருவரை வையுங்கள், இல்லாவிட்டால் 10-வது பதிலில் உள்ள மாதிரி மாலை மட்டும். உங்கள் வருமானம் ஏறி இறங்குவதற்கு ஈடாக உங்களுக்கு ரினீவல் இருக்கிறது. அவருக்கு என்ன இருக்கிறது?

15. "உங்க பாலிசில போனஸ் வந்திருக்கு, ஆள் வந்து செக் தருவார்"னு சொல்லிப் பேசச் சொல்றாங்க. அப்பாயிண்ட்மெண்டுக்கு 300 ரூபாயாம். மத்த இடத்தை விட டபுள்.

அந்த டபுள் எதற்கு என்று யோசியுங்கள். பொய் சொல்வதற்கான கூலி அது. போனஸ் அறிவிப்பது, பாலிசி விற்பது எதையும் தான் செய்வதில்லை என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ பொதுமக்களுக்குத் தொடர்ந்து எச்சரிக்கை வெளியிடுகிறது. அதன் பெயரைச் சொல்லி ஏமாற்றும் கும்பல்கள் அத்தனை பெருகிவிட்டன. போலீஸ் வந்தால் முதலில் கிடைப்பது குரல் பதிவு. அதில் இருப்பது உங்கள் குரல்.

எண்ணிக்கைக்கு மட்டுமே காசு என்று வைத்தால் நல்ல பிள்ளைகளும் மெல்ல அந்தப் பக்கம் சாய்வதைப் பார்த்திருக்கிறேன். மாதக் கடைசி, வாடகை, இன்னும் ஆறு அப்பாயிண்ட்மெண்ட் வேண்டும். "சும்மா விவரம் சொல்ல வர்றார் சார், இன்சூரன்ஸ் எல்லாம் இல்ல" என்று வாயில் வந்துவிடும். அதனால்தான் 4-வது பதிலில், ஆள் எதற்கு வருகிறார் என்பது பார்ட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தேன்.

16. நின்னுட்டேன்க்கா. ரெண்டு மாச பாக்கி தரலை, ஃபோன் எடுக்கறதில்லை. எங்க போறது?

நீங்களாக நின்றாலும் அவர் நிறுத்தினாலும் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்கிறது புதிய தொகுப்பு. மூன்று வருடம் வரை கோரிக்கை வைக்கலாம். 'சம்பளம் தரவில்லை' என்று நீங்கள் சொன்னால், கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை.

எடுத்துப் போக வேண்டியவை: முன்பு வந்த சம்பளத்தின் ஜிபே ஸ்க்ரீன்ஷாட் அல்லது பாஸ்புக், அப்பாயிண்ட்மெண்ட் அனுப்பிய வாட்ஸ்அப் உரையாடல், அழைப்பு நோட்டு. மனுவில் தேதிவாரியாகத் தொகையை எழுதுங்கள், திட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் அவர் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' போடுவதற்கு முன்னால் இன்றைக்கே அந்த உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள்.